கிளிவாயும் கோணல் மூக்கும்

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. விலை கொடுத்து வாங்கும் மாட்டையோ பல்லைப் பிடித்துத்தான் பார்ப்பார்கள். எத்தனை பல் போட்டிருக்கிறது என்று எண்ணி வயதைச் சொல்லிவிடுவார்கள். அவர்கள் கீழ்த்தாடையை மட்டுமே பார்க்கிறார்கள் என்பதை நீங்கள் கவனித்திருக்கலாம். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையா. அந்த இடத்தில் தடித்த ஈறுமெத்தை ஒன்றே உண்டு. புல்லை நாக்கால் சுழற்றிப் பிடித்து, கீழ்ப்பற்களுக்கும் ஈறுமெத்தைக்கும் இடையே அழுத்தி இழுத்துப் பறிக்கிறது மாடு.

குதிரையின் வாய் அமைப்பு வேறு. அதற்கு மேலே ஆறு, கீழே ஆறு, ஆகப் பன்னிரண்டு வெட்டும் பற்கள். மேல்வரிசையும் கீழ்வரிசையும் தச்சரின் குறட்டைப்போல விளிம்போடு விளிம்பு நேராகப் பொருந்த வேண்டும். பொருந்தினால் புல் வெட்டுப்படும். பொருந்தாமல் பிறக்கும் குட்டிகளும் உண்டு. மேல்தாடை நீண்டோ, கீழ்த்தாடை நீண்டோ, மூக்கே ஒருபுறம் வளைந்தோ, வாயின் கூரை பிளந்தோ அவை பிறக்கின்றன. பிறந்த அன்று சில மில்லிமீட்டர் அளவில் மட்டும் தெரியும் இந்தக் குறை, கவனிக்காமல் விட்டால் விலங்கின் வாழ்நாள் முழுவதையும் பாதிக்கக்கூடும். ஏன் அப்படி? எலும்பு, பல், விசை ஆகிய மூன்றும் சேர்ந்து விடை சொல்கின்றன.

தானே கொத்திக்கொள்ளும் அம்மி

வெட்டும் பற்களுக்குப் பின்னால், சற்று இடைவெளி விட்டு, கடைவாய்ப் பற்கள் தொடங்குகின்றன. வளர்ந்த குதிரையின் ஒவ்வொரு தாடையிலும் பக்கத்துக்கு ஆறு வீதம் மொத்தம் இருபத்து நான்கு பற்கள் உணவை அரைக்கின்றன. புல் மென்மையாகத் தோன்றினாலும் அதன் இழைகளில் நுண்ணிய சிலிக்காத் துகள்கள் உள்ளன. மேயும்போது மண்ணும் மணலும் கூடவே வருகின்றன. திறந்த வெளியில் மேயும் குதிரை நாளில் பாதிக்கு மேற்பட்ட நேரத்தை மேய்வதிலேயே கழிக்கிறது. அத்தனை நேரம் மணலோடு சேர்த்து அரைத்தால் எந்தப் பல்தான் தேயாது?

தேயத்தான் செய்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 2 முதல் 3 மில்லிமீட்டர் தேய்கிறது. அந்த இழப்பை ஈடு செய்ய இயற்கை ஓர் ஏற்பாடு செய்திருக்கிறது. இளங்குதிரையின் கடைவாய்ப் பல் 7 முதல் 10 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். அதில் சிறு பகுதி மட்டுமே ஈறுக்கு வெளியே தெரியும். மற்றதெல்லாம் தாடை எலும்புக்குள் சேமிப்பாக நிற்கிறது. தேயத் தேய, அதே அளவு பல் மெல்ல மேலெழுந்து வருகிறது. 8 சென்டிமீட்டர் பல் ஆண்டுக்கு 3 மில்லிமீட்டர் தேய்ந்தால் எத்தனை ஆண்டு வரும்? சுமார் 27 ஆண்டு. குதிரையின் ஆயுளும் 25 முதல் 30 ஆண்டு வரைதான். கணக்கு எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது, பாருங்கள்.

இன்னொரு சிறப்பும் உண்டு. நம் பல்லில் எனாமல் வெளிப்புறத்தில் ஓர் உறையாக மட்டும் இருக்கிறது. குதிரையின் கடைவாய்ப் பல்லிலோ எனாமல், டென்டைன், சிமென்ட் என்ற மூன்று பொருள்களும் மடிப்பு மடிப்பாகக் கலந்து நிற்கின்றன. இவற்றின் கடினத்தன்மை ஒன்றல்ல. மென்மையானவை விரைவில் தேய்ந்து பள்ளமாகின்றன. கடினமான எனாமல் மேடாக நிற்கிறது. எனவே பல்லின் பரப்பு எப்போதும் சொரசொரப்பாகவே இருக்கிறது. நம் வீட்டு அம்மியை ஆள் வைத்துக் கொத்த வேண்டும். குதிரையின் அம்மி தன்னைத் தானே கொத்திக்கொள்கிறது.

இந்த ஏற்பாடு முழுவதும் ஒரே ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது: ஒவ்வொரு பல்லுக்கும் எதிரே உராய்வதற்கு இன்னொரு பல் இருக்க வேண்டும். மேற்பல்லைத் தேய்ப்பது கீழ்ப்பல். கீழ்ப்பல்லைத் தேய்ப்பது மேற்பல். எதிர்ப்பல் இல்லாத இடத்தில் தேய்மானம் இல்லை. ஆனால் எழுச்சி மட்டும் நிற்பதில்லை. ஆண்டுக்கு 3 மில்லிமீட்டர் எழுந்து, ஒன்றும் தேயாமல் போனால், ஐந்தாண்டில் 15 மில்லிமீட்டர் நீளக் கொக்கி ஒன்று வாய்க்குள் நிற்கும். தாடைக் குறைகளின் தீமை பெரிதும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

கிளிவாய்

கிளியின் மேல் அலகு கீழ் அலகின் மேல் வளைந்து தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். மேல்வெட்டும் பற்கள் கீழ்ப்பற்களைத் தாண்டி முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் குட்டியைக் கிளிவாய்க் குட்டி என்கிறார்கள். பிறவித் தாடைக் குறைகளில் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. நூறு குதிரைகளில் 2 முதல் 5 வரை இக்குறை ஓரளவேனும் காணப்படுகிறது என்பது கால்நடை மருத்துவ நூல்கள் தரும் மதிப்பீடு.

இதில் இரண்டு நிலைகள் உண்டு. முதல் நிலையில் மேல்வரிசை முன்னே தள்ளி நிற்கிறது. இரு வரிசைகளும் ஒன்றையொன்று தொடுவதில்லை. இரண்டாம் நிலையில், தாங்குவதற்குக் கீழே எதுவும் இல்லாத மேல்வரிசை மெல்லக் கீழ்நோக்கி இறங்கி, கீழ்வரிசையின் முன்னே ஒரு கதவைப்போல மூடிக்கொள்கிறது. அதன்பின் கீழ்த்தாடை முன்னோக்கி வளர முயன்றாலும் அந்தக் கதவு தடுத்துவிடும். முதல் நிலை இரண்டாம் நிலையை உண்டாக்குகிறது. இரண்டாம் நிலை முதல் நிலையை மேலும் மோசமாக்குகிறது.

பால் குடிக்கும் பருவத்தில் கிளிவாயால் பெரிய தொல்லை இருக்காது. குட்டி கொழுகொழுவென்று வளரும். மேயத் தொடங்கியபின்கூட உதடுகளின் உதவியால் புல்லைப் பிடித்துச் சமாளித்துக்கொள்ளும். தரையோடு ஒட்டிய குட்டைப் புல்லில் மட்டும் திணறும். ஆகவே உரிமையாளர் முன்பற்களைப் பார்த்து, அழகுக் குறை மட்டும்தான் என்று எண்ணி விட்டுவிடுவது உண்டு.

உண்மையான சிக்கல் கண்ணுக்குத் தெரியாத பின்புறத்தில் இருக்கிறது. மேல்தாடை முழுவதும் முன்தள்ளி இருந்தால் கடைவாய்ப் பற்களும் அதே அளவு முன்தள்ளி நிற்கும். மேல்வரிசையின் முதல் பல்லினுடைய முன்பகுதிக்குக் கீழே எதிர்ப்பல் இல்லை. கீழ்வரிசையின் கடைசிப் பல்லினுடைய பின்பகுதிக்கு மேலே எதிர்ப்பல் இல்லை. இவ்விரண்டு இடங்களிலும் கொக்கிகள் வளர்கின்றன. குதிரை தலையைத் தாழ்த்தி மேயும்போது கீழ்த்தாடை இயல்பாகச் சற்று முன்னே நகர வேண்டும். கொக்கிகள் அந்த நகர்வைத் தடுக்கும் தாழ்ப்பாள்களாகின்றன. அவை மேலும் நீண்டால் எதிரே உள்ள ஈறைக் குத்திப் புண்ணாக்கும். குதிரை பாதி மென்ற புல்லைச் சக்கை உருண்டையாகக் கீழே துப்பும். சாணத்தில் அரைபடாத நீண்ட இழைகள் தெரியும். சரியாக அரைபடாத தீனி குடலில் அடைத்துக் கடும் வயிற்றுவலியை உண்டாக்கவும் கூடும். இத்தகைய குதிரைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறையேனும் வாயைச் சோதித்து, கொக்கிகளை அரத்தால் ராவி எடுக்க வேண்டியிருக்கும். ஒரு தடவையோடு இது முடிவதில்லை. ஆயுள் முழுவதும் தொடர வேண்டும்.

வளர்ச்சியையே கருவியாக்குதல்

கிளிவாயைத் திருத்த முடியுமா? காலத்தில் தொடங்கினால் பலவற்றில் குறைக்க முடியும்; சிலவற்றில் முழுவதும் நேராக்கவும் முடியும். குட்டிக்கு ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும்போது தொடங்குவது வழக்கம். ஆறேழு மாதங்களுக்குப் பிறகு பயன் குறைந்துகொண்டே போகும். குதிரைக்குட்டி வளரும் வேகமே இதற்குக் காரணம். ஆறு மாதத்திலேயே அது தன் முழு உயரத்தில் ஐந்தில் நான்கு பங்கை எட்டிவிடுகிறது. வளர வேண்டிய எலும்பு வளர்ந்து முடிந்தபின் அதை வழிப்படுத்த வாய்ப்பேது?

மயக்க மருந்து கொடுத்து, மேல் வெட்டும் பற்களைச் சுற்றித் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியைப் பூட்டி, அதன் மறுமுனைகளை இருபுறமும் கடைவாய்ப் பற்களில் கட்டிவிடுகிறார்கள். மேலோட்டமாகப் பார்த்தால், கம்பி மேல்தாடையைப் பின்னோக்கி இழுப்பதாகத் தோன்றும். நடப்பது அதுவன்று. வேலியில் கட்டிய கயிறு மாட்டை இழுப்பதில்லை. மாடு முன்னே போக முயலும்போதுதான் கயிற்றில் இழுவிசை பிறக்கிறது. அதுபோல மேல்தாடை முன்னோக்கி வளர முயலும்போது கம்பி அதைப் பிடித்து நிறுத்துகிறது. இதற்கிடையில் கட்டுப்பாடற்ற கீழ்த்தாடை தன் இயல்பான வேகத்தில் வளர்ந்து மேல்தாடையை எட்டிப் பிடிக்கிறது. இங்கே வேலை செய்யும் எந்திரம் குட்டியின் வளர்ச்சியே. கம்பி அதற்குத் திசை காட்டுகிறது.

மேல்வரிசை கதவுபோல மூடிக்கொண்ட இரண்டாம் நிலைக் குட்டிகளுக்குக் கம்பி மட்டும் போதாது. மேல் வெட்டும் பற்களின் பின்புறத்தில் உலோகத்தாலோ அக்ரிலிக்காலோ ஆன சாய்ந்த தகடு ஒன்றையும் பொருத்துகிறார்கள். குட்டி வாயை மூடும்போது கீழ்ப்பற்கள் அந்தத் தகட்டில் வந்து முட்டுகின்றன. பள்ளியில் படித்த சாய்தளம் இங்கே பயன்படுகிறது. தகடு கிடைமட்டத்தோடு 30 டிகிரி சாய்ந்திருக்கிறது என்று எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொள்வோம். உராய்வைக் கணக்கில் சேர்க்காவிட்டால், தகடு பற்களின் மீது செலுத்தும் எதிர்விசை தகட்டுக்குச் செங்குத்தாக இருக்கும். அந்த விசையின் முன்னோக்கிய கூறு, மொத்த எதிர்விசையைச் சைன் 30-ஆல் பெருக்கிய அளவு, அதாவது சரிபாதி. மேல்நோக்கிக் கடிக்கும் விசை, கீழ்த்தாடையை முன்னோக்கித் தள்ளும் விசையாகவும் மாறிவிடுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி கீழ்ப்பற்களும் தகட்டை மேல்நோக்கித் தள்ளுகின்றன. அதனால் மேல்வரிசை மேலும் கீழே இறங்குவதும் தடைப்படுகிறது. ஒரு தகட்டால் இரண்டு பயன்கள் கிடைக்கின்றன.

கம்பி தளரும், சில வேளை அறுந்தும் போகும். வாரக்கணக்கில் கண்காணித்து மீண்டும் முறுக்க வேண்டும். பொறுமையும் செலவும் வேண்டிய சிகிச்சை இது.

பன்றிவாயும் கனடா நாட்டுக் குட்டிகளும்

கிளிவாய்க்கு நேர்மாறானது பன்றிவாய். இதில் கீழ்த்தாடை நீண்டு முன்னே நிற்கும். சிறு உருவத்துக்காகவே தேர்ந்து வளர்க்கப்படும் குள்ளக் குதிரை இனங்களில் இது மிகுதி. உடல் குறுகும்போது முகத்தின் எலும்புகள் எல்லாம் ஒரே விகிதத்தில் குறுகுவதில்லை.

ஆனால் எல்லாப் பன்றிவாய்க்கும் பரம்பரைதான் காரணம் என்று முடிவு கட்டிவிட முடியாது. கனடாவின் மேற்குப் பகுதியில் 1980-களிலிருந்து மருத்துவர்கள் ஒருவகைக் குட்டிகளைப் பற்றி எழுதத் தொடங்கினர். அவற்றின் கீழ்த்தாடை முன்தள்ளி இருந்தது. முன்னங்கால்களின் தசைநாண்கள் சுருங்கியோ அறுந்தோ இருந்தன. மூட்டுகளின் சிற்றெலும்புகள் முழுமையாக எலும்பாகியிருக்கவில்லை. தாய் வழக்கத்துக்கு மேல் பல நாட்கள் கூடுதலாகச் சுமந்திருந்தும் குட்டி முதிராமலே பிறந்தது. குட்டிகளின் தைராய்டுச் சுரப்பியைச் சோதித்தபோது அது இயல்புக்கு மாறாக இருப்பது தெரிந்தது.

தைராய்டுச் சுரப்பு எலும்பு வளர்ச்சிக்கு இன்றியமையாதது. அச்சுரப்பு உருவாக அயோடின் தேவை. சினைக்குதிரைகளின் தீனியை ஆராய்ந்தபோது, பச்சையாக அறுத்து உலர்த்திய தானியப் பயிரைத் தின்றவற்றிலும், தாது உப்புகள் கொடுக்கப்படாதவற்றிலும் இந்நோய் மிகுந்திருந்தது. அப்படி அறுத்த பயிரில் நைட்ரேட் மிகுந்திருக்கக்கூடும். நைட்ரேட் மிகுந்தால் தைராய்டு அயோடினை ஈர்ப்பது தடைப்படும். இவ்வாறு, கொட்டிலில் போட்ட தீவனத்துக்கும் குட்டியின் தாடைக்கும் ஒரு தொடர்பு புலப்பட்டது. தாடை முன்தள்ளிய குட்டியைக் கண்டவுடனே தாய் தந்தையரின் இரத்தத்தைக் குறை சொல்லும் முன், தாய் தின்றது என்ன என்றும் கேட்க வேண்டும் என்பதை இந்தக் கனடா நிகழ்ச்சி உணர்த்துகிறது.

கோணல் மூக்கு

சில குட்டிகள் பிறக்கும்போதே முகத்தின் முன்பகுதி இடப்புறமோ வலப்புறமோ வளைந்திருக்கும். மேல்தாடையின் முன்னெலும்பு, மூக்கெலும்பு, இரு நாசிகளையும் பிரிக்கும் நடுச்சுவர் எல்லாமே சேர்ந்து வளைகின்றன. கீழ்த்தாடை பெரும்பாலும் நேராகவே இருக்கும். அதனால் மேல், கீழ் வெட்டும் பற்கள் ஒன்றன்மீது ஒன்று குறுக்கே விழுகின்றன. கருப்பையின் இடநெருக்கடியில் முகம் அழுந்தியிருக்கலாம் என்பது ஒரு கருத்து. மரபுக்கும் பங்கு உண்டு என்பது மற்றொரு கருத்து.

இங்கே பல்லைவிட முதன்மையானது மூச்சு. நமக்கு மூக்கடைத்தால் வாயால் மூச்சு விடுகிறோம். குதிரையால் அது இயலாது. அதன் மென் அண்ணம் நீண்டு குரல்வளை மூடிக்கு அடியில் இறுக்கமாகப் பொருந்தியிருப்பதால், வாய்க்கும் மூச்சுக்குழலுக்கும் இடையே வழி அடைபட்டிருக்கிறது. மூக்கு ஒன்றே அதன் காற்று வழி.

வளைந்த மூக்கின் உட்குழிந்த பக்கத்தில் அந்த வழி குறுகிவிடுகிறது. குழாயில் சீராக ஓடும் திரவத்தைப் பற்றிப் புவாசெய் கண்ட விதி, கல்லூரி மாணவர்கள் அறிந்ததே. அழுத்த வேறுபாடு மாறாதபோது, ஆரம் பாதியானால் ஓட்டம் பாதியாகாது. பதினாறில் ஒரு பங்காகும். குதிரையின் மூக்கில் காற்று சுழன்றும் ஓடுவதால் இந்த எண்ணை அப்படியே பொருத்திவிட முடியாது. என்றாலும் வழி சிறிது குறுகினால் ஓட்டம் பெரிதும் குறையும் என்ற உண்மை மாறாது. ஓய்வாக நிற்கும் வளர்ந்த குதிரை நிமிடத்துக்கு 60 முதல் 80 லிட்டர் காற்றை இழுத்து விடுகிறது. முழு வேகத்தில் ஓடும் பந்தயக் குதிரைக்கு 1500 லிட்டருக்கும் மேல் தேவைப்படுகிறது. நிற்கும்போது திணறாத கோணல் மூக்குக் குட்டி ஓடும்போது திணறுவது இதனால்தான்.

வளைவு சிறிதாக இருந்தால் குட்டி வளர வளரத் தானாகவே நேராகிவிடுவதுண்டு. பெரிதாக இருந்தால் அறுவைதான் வழி. மேல்தாடை எலும்பை அறுத்து நேராக நிறுத்தித் தகடுகளும் ஊசிகளும் கொண்டு பொருத்துகிறார்கள். இடைவெளியை நிரப்பக் குட்டியின் சொந்த விலா எலும்பிலிருந்தே ஒரு துண்டு எடுப்பதுண்டு. வளைந்த நடுச்சுவரையும் நீக்குகிறார்கள். இன்னொரு முறை, சோவியத் நாட்டின் குர்கான் நகரில் மருத்துவர் இலிசரோவ் 1950-களில் மனிதருக்கென வளர்த்தெடுத்த முறையிலிருந்து வந்தது. எலும்பை அறுத்து, இரு முனைகளையும் திருகுச் சட்டத்தால் நாளுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வீதம் விலக்கிக்கொண்டே போனால், இடைவெளியில் புது எலும்பு உருவாகிறது. குட்டிகளின் கோணல் மூக்கை நேராக்கவும் இம்முறை கையாளப்பட்டிருக்கிறது.

அண்ணப் பிளவு

நான்கு குறைகளிலும் மிக அரிதானதும் மிகக் கொடியதும் இதுவே. ஆயிரம் குட்டிகளில் ஒன்றிரண்டுக்கு நேர்கிறது.

கரு உருவாகும்போது வாயின் கூரை ஒரே பலகையாகத் தோன்றுவதில்லை. இருபுறத்திலிருந்தும் இரண்டு மடிப்புகள் நாக்கின் பக்கங்களில் கீழ்நோக்கித் தொங்கிக்கொண்டிருக்கும். நாக்கு தாழ்ந்து இடம் விட்டதும் அவை மேலெழுந்து, கிடைமட்டமாகத் திரும்பி, நடுவில் சந்தித்து ஒட்டிக்கொள்கின்றன. இந்த இணைப்பு முன்னிருந்து பின்னோக்கி, உடுப்பின் ஜிப்பை மூடுவதுபோல நடக்கிறது. குதிரைக் கருவில் ஏறத்தாழ 47-ஆம் நாளில் வேலை முடிந்துவிடும். பதினொரு மாதச் சினையில் ஏழாவது வாரம்தான் இது. அந்தச் சில நாட்களில் தடங்கல் ஏற்பட்டால் பிளவு நிற்கும். ஜிப் பாதியில் நின்றால் திறந்திருப்பது கடைசிப் பகுதி அல்லவா? ஆகவே பெரும்பாலும் மென் அண்ணத்தின் பின்பகுதியில்தான் பிளவு காணப்படுகிறது.

குட்டி பால் குடிப்பது எப்படி? வாய்க்குள் காற்றழுத்தத்தைக் குறைக்கிறது. மடியிலிருந்து பால் வாய்க்குள் பாய்கிறது. ஓட்டை விழுந்த உறிஞ்சு குழலால் இளநீர் குடிக்க முயன்றவர்களுக்கு அதன் தொல்லை தெரியும். அண்ணம் பிளந்திருந்தால் வாய்க்கும் மூக்குக்கும் இடையே சுவர் இல்லை. அழுத்தம் போதுமான அளவு குறைவதில்லை. உள்ளே வந்த பாலும் மூக்கு வழியே வெளியேறுகிறது. அதைவிட ஆபத்து, பால் மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரலைச் சேர்வது. அங்கே அது நிமோனியாவை உண்டாக்குகிறது.

பால் குடித்தபின் குட்டியின் இரு நாசிகளிலும் பால் வழிந்தால் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். விழுங்கும் தசைகள் வலுவின்றிப் பிறந்த குட்டிக்கும் மூக்கில் பால் வரலாம். எது காரணம் என்பதை மூக்கின் வழியே எண்டாஸ்கோப்பைச் செலுத்தித்தான் உறுதி செய்ய முடியும். வாயைத் திறந்து விளக்கடித்துப் பார்த்தால், வெகு பின்னால் இருக்கும் மென் அண்ணம் எட்டாது.

அறுவை உண்டு. ஆனால் அந்த இடத்தை அடையக் கீழ்த்தாடையையே நடுவில் பிளந்து விலக்க வேண்டியிருக்கும். தைத்த தையல் ஒவ்வொரு விழுங்கலிலும் இழுபடுவதால் பிரிந்துவிடுவது மிகுதி. பிளவு பெரிதாக இருக்கும்போது, குட்டியை வதைக்காமல் வலியற்ற முடிவைத் தருவதே கருணை என்று மருத்துவர் சொல்லும் நிலையும் வருகிறது. உரிமையாளருக்கு அது எளிய முடிவன்று.

திருத்தலாம், மறைக்கலாமா?

கிளிவாய் குடும்பங்களில் தொடர்ந்து வருவதைக் குதிரை வளர்ப்போர் நெடுங்காலமாகக் கண்டிருக்கின்றனர். ட்வைலைட் என்ற தரோபிரெட் பெண்குதிரையின் மரபுத் தொகுதி முழுவதும் 2009-இல் வெளியிடப்பட்டது. என்றாலும் கிளிவாய்க்கு ஒரே ஒரு ஜீன் பொறுப்பு என்று அறிஞர்கள் கருதவில்லை. மேல்தாடையின் நீளத்தையும் கீழ்த்தாடையின் நீளத்தையும் பல ஜீன்கள் தனித்தனியே ஆள்கின்றன. அவற்றின் கூட்டு விளைவே இது என்பது பொதுவான கருத்து.

இங்கேதான் ஒரு நெறிச் சிக்கல் எழுகிறது. கம்பி பூட்டிக் கிளிவாயை நேராக்கிவிட்டோம். குட்டி அழகாக வளர்ந்துவிட்டது. வாயைப் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் நேரானது தாடை மட்டுமே, ஜீன்கள் மாறவில்லை. பெண்குதிரை ஆண்டுக்கு ஒரு குட்டிதான் ஈனும். பெயர்பெற்ற பொலிகுதிரையோ ஒரே ஆண்டில் நூற்றுக்கு மேற்பட்ட குட்டிகளுக்குத் தந்தையாகலாம். திருத்தப்பட்ட கிளிவாய்க் குதிரை ஒன்று அத்தகைய பொலிகுதிரையானால், மறைந்து நின்ற குறை எத்தனை வீடுகளுக்குப் போய்ச் சேரும்! வாங்குபவரும் ஏமாறுகிறார், பிறக்கப் போகும் குட்டிகளும் துன்புறுகின்றன.

இதனால்தான் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் ஒழுக்க விதிகளில் ஒரு விதி நெடுங்காலம் இடம்பெற்றிருந்தது. விற்பனைக்காகவோ இனப்பெருக்கத்துக்காகவோ மரபுக் குறையை மறைக்கும் சிகிச்சை முறையற்றது. விலங்கின் நலனுக்காகத் திருத்தியே ஆக வேண்டுமானால், அது இனப்பெருக்கம் செய்ய இயலாதபடி செய்துவிட வேண்டும் என்பது அதன் கருத்து. அந்நாட்டின் குவார்ட்டர் குதிரைச் சங்கமும் கிளிவாயை விரும்பத்தகாத பண்புகளின் பட்டியலில் சேர்த்துள்ளது. துன்பப்படும் குட்டிக்குச் சிகிச்சை அளிப்பது கடமை. அந்தச் சிகிச்சையை ஒளிக்காமல் சொல்வதும் கடமையே.

முதல் நாள் சோதனை

குட்டி பிறந்தபின் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து நிற்க வேண்டும். இரண்டு மணிக்குள் பால் குடிக்க வேண்டும். மூன்று மணிக்குள் தாய் நஞ்சுக்கொடியைப் போட்டுவிட வேண்டும். இரண்டாவது மிக முக்கியம். குதிரையின் நஞ்சுக்கொடி வழியே நோய் எதிர்ப்புப் பொருள்கள் குட்டிக்குச் செல்வதில்லை. சீம்பாலே அவற்றைத் தர வேண்டும். ஏறத்தாழ 24 மணி நேரத்துக்குப்பின் குட்டியின் குடல் அவற்றை ஈர்த்துக்கொள்ளாது. வாய்க் குறையால் குடிக்க இயலாத குட்டிக்கு அந்த நேரத்துக்குள் மருத்துவர் குழாய் மூலமாகச் சீம்பாலைச் செலுத்தியாக வேண்டும்.

இந்தக் கணக்கோடு வாய்ச் சோதனையையும் சேர்த்துக்கொள்வது நல்லது. குட்டியின் முகத்துக்கு நேரே நின்று, நெற்றியின் நடுவிலிருந்து மேலுதட்டின் நடுவரை ஒரு கோடு நேராகச் செல்கிறதா என்று பார்க்கலாம். இரு நாசிகளின் முன்னும் உள்ளங்கையை வைத்து, இரண்டிலும் சமமாகக் காற்று வருகிறதா என்று அறியலாம். உதடுகளை மெல்ல விலக்கிப் பக்கவாட்டிலிருந்து நோக்கலாம். நடு வெட்டும் பற்கள் முளைக்க முதல் வாரம் வரை ஆகும். அதற்கு முன்னரே மேல் ஈறும் கீழ் ஈறும் நேராக நிற்கின்றனவா என்பது தெரிந்துவிடும். பால் குடித்து முடித்ததும் மூக்கைப் பார்க்க வேண்டும். எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஐயம் எழுந்தால் அளந்து குறித்து வைத்து, மாதந்தோறும் மீண்டும் அளந்து, மூன்றாம் மாதம் கடப்பதற்குள் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

விலைக்கு வாங்கும் மாட்டைப் பல் பார்ப்பவர் அதன் வயதை அறிகிறார். பிறந்த குட்டியின் வாயைப் பார்ப்பவர் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்கு அது எப்படித் தின்னும், எப்படி மூச்சு விடும் என்பதை அறிகிறார். அறிந்ததோடு நில்லாமல், வளரும் காலம் கையில் இருக்கும்போதே அதை மாற்றவும் அவரால் முடியும்.